பகலில் தூங்கும் வீடு

அக்கா எதையும் விரிப்பால்தான் அளப்பாள். அடிக்கணக்கு தெரியாதவள் அல்ல. மனசில் அது ஒட்டவில்லை, அவ்வளவுதான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் கட்டில் விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் வெள்ளையாக வழிந்துவரும் துணியைப் பிடித்து, முனையோடு முனை சேர்த்து, கத்தி போல மடிப்பு வைப்பாள். அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பு அக்கா. "உன் வீட்டு ஹால் எவ்வளவு பெருசு?" என்று கேட்டால், "ரெண்டு விரிப்பு நீளம், ஒன்றரை அகலம்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அவள் பார்ப்பாள்.

ஒருமுறை அவளைக் கூட்டிவரப் போனபோது அந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஓர் உதறு உதறுகிறார்கள். துணி காற்றில் உப்பி இறங்குகிறது. முனைகளைப் பிடித்தபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறார்கள். விரல்கள் தொட்டதும் ஒருத்தி தன் முனையைக் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறாள். மறுபடி வருகிறாள். பேச்சே இல்லை. நீராவிக்குள் இரண்டு பெண்கள் நெருங்கி நெருங்கி விலகும் அந்தக் காட்சி இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது. அதில் ஒருத்திக்கு முகம் தெளிவாக இருக்கிறது. மற்றவள் யாரென்று நினைவில்லை.

அத்தானுக்குக் காகித ஆலையில் இரவுப் பணி. ஆலைக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்தில் வாடகைக்கு வீடே கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பெரிய பெரிய வீடுகள், பெரிய பெரிய ஆட்களுக்கு. எனவே இருவரும் ஊருக்கு வெளியே, அதற்கும் வெளியே, பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் குடியிருந்தார்கள். அக்கா பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வேலைக்கு வருவாள். அத்தான் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவார். எதிரெதிர்த் திசையில் போகும்போது ஏதோ ஓர் இடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்துபோவார்கள்.

"அவர் கைகாட்டுவாரு. நான் பாதி நாள் தூங்கிட்டே இருப்பேன்டி. வந்து திட்டுவாரு. 'கையாட்டி கையாட்டி எனக்குத் தோள்பட்டை வலிக்குது, நீ வாயைப் பொளந்துட்டுத் தூங்குற'ன்னு."

ஒருநாள் காலை, வளைவே இல்லாத நேர்ச்சாலையில், வேறு வண்டி எதுவும் இல்லாத இடத்தில், அத்தான் வண்டியோடு ஓரத்துப் புல்லில் இறங்கிப் போயிருந்தார். பிரேக் பிடித்த தடயம் இல்லை. முகத்தில் பயம் இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறார்.

அக்கா அதை விபத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. "தூக்கம் வந்துச்சு, போயிட்டாரு" என்பாள். வீடு மட்டும் கிட்ட இருந்திருந்தால் கட்டிலில் வந்திருக்க வேண்டிய தூக்கம், வழியில் வந்துவிட்டது என்பது அவள் கணக்கு.

ஆலையிலிருந்து வந்த தொகையில் மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு பழைய மாடிவீட்டை வாங்கினாள். ஒரே குடும்பம் இருந்து, ஒவ்வொருவராக வெளியூர் போய், பூட்டிக் கிடந்த வீடு. கூரை ஒழுகியது. மாடியில் புறாக்கள் குடும்பம் நடத்தின.

"இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா என்னக்கா பண்ணப் போற?" என்றேன்.

"ஒத்தையா யாரு இருக்கப் போறா? இது ஒரு வீடு இல்லடி. நாலு வீடு. இன்னும் பிரிக்கல, அவ்வளவுதான்."

கீழே இரண்டு, மேலே இரண்டு. தெருவுக்கு ஒரே வாசல்; உள்ளே நுழைந்தால் சின்ன நடை, நடுவில் மாடிப்படி, படியைச் சுற்றி நாலு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, ஒரு குளியலறை. மேஸ்திரியிடம் தரையில் விரிப்பை விரித்துக் காட்டி விளக்கினாள்.

"இங்கேர்ந்து இங்க ரெண்டு விரிப்பு, மேஸ்திரி."

"அக்கா, அடியில சொல்லுங்கக்கா. விரிப்புல சொன்னா நான் சுவர் கட்டுறதா, படுத்துத் தூங்குறதா?"

"தூங்குறதுக்குத்தான் கட்டுறோம்."

அவள் பிடிவாதம் ஒன்றே ஒன்றில்தான். சமையல் மூலைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சமையல் மூலை வர வேண்டும். கட்டில் போடும் சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கட்டில் வர வேண்டும். பாத்திரச் சத்தம் பாத்திரத்தோடு போகட்டும், தூக்கம் தூக்கத்தோடு முதுகு சேர்ந்திருக்கட்டும் என்றாள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு குழாய்களை இடம் மாற்றினார். மாற்றிய பிறகு, குழாய்ச் செலவு குறைந்ததைப் பார்த்து, அது தன் யோசனைதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

திரைச்சீலைகளை அவளே தைத்தாள். ஆபரேஷன் தியேட்டரில் பழசாகிக் கழித்த பச்சைத் துணிகளை மருத்துவமனை எடைக்குப் போட்டபோது ஒரு மூட்டை வாங்கிவந்து, இரண்டடுக்காகச் சேர்த்துத் தைத்து, நாலு வீட்டு ஜன்னல்களுக்கும் தொங்கவிட்டாள். அதைப் போட்டதும் வீடு வேறாகிவிட்டது. வெளியே உச்சிவெயில் கொளுத்தும். உள்ளே குளத்தடியில் நிற்பதுபோல ஒரு பச்சை. சுவரிலும் தரையிலும் அந்த நிறம் மெதுவாக அசையும். பேச வாயெடுத்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்று தோன்றும்.

முதலில் குடிவந்தவர் பேக்கரி அண்ணன். இரவெல்லாம் மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, விடிந்தபின் வீட்டுக்கு வருபவர். புருவத்தில் மாவு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கீழ்வீடு; அவர் கட்டிலும் அக்கா கட்டிலும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். மாடியில் ஒரு வீட்டில் பஸ் டிரைவர். முதல் பஸ்ஸை எடுத்து, முற்பகலில் வந்து படுத்து, சாயங்கால பஸ்ஸுக்கு மறுபடி போவார். இயல்பாகவே தொண்டை பெரிது, பட்டப்பெயர் ஹாரன். மாடியில் அதற்கு எதிர்த்த வீட்டில் வார்டு உதவியாளராக இருந்த பெண். பெரும்பாலும் இரவு டூட்டி. மெலிந்த உருவம், எப்போதும் பாதித் தூக்கத்திலேயே சிரிப்பாள். அவளை எல்லோரும் குட்டி என்றார்கள். மூன்று பேருமே அதுவரை ஊருக்கு வெளியே, அதற்கும் வெளியே இருந்து வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள்.

அந்த வீட்டில் கடிகாரம் அடிக்காது. அலாரம் வைக்கக் கூடாது என்பது அக்காவின் ஒரே சட்டம். ஒருவருக்கு அடித்தால் நாலு வீடும் எழுந்துவிடும். அதற்குப் பதிலாகச் செருப்பு பேசியது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. தானாக வந்த பழக்கம். கதவுக்கு வெளியே விட்ட செருப்பு கதவைப் பார்த்திருந்தால், உள்ளே தூக்கம். படியைப் பார்த்திருந்தால், விழித்தாயிற்று, தட்டலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால், தூங்குகிறேன், நேரத்துக்கு எழுப்பு. எழுப்புகிற வேலை அக்காவுடையது. யாருக்கு எந்த நேரம் என்பது அவளுக்கு மனப்பாடம். விரல் நுனியால் கதவைத் தட்டுவாள், விரிப்பைத் தட்டிச் சமன் செய்வதுபோல.

"ஏக்கா, செருப்பைப் பார்த்தா ஊரே நம்ம கதையைப் படிச்சிடுமே" என்றேன்.

"படிக்கட்டுமே. தூங்குறாங்கங்கறது ஒரு ரகசியமா?"

எதிர்வீட்டில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். கெட்டவர் அல்ல. ஒழுங்கானவர். அவர் வீட்டுப் பூந்தொட்டிகள் உயர வரிசையில் நிற்கும். அந்தத் தெரு ஒரு மனைக்கு ஒரு வீடு என்று நகராட்சி வகுத்துவைத்த தெரு. அக்கா பழுதுபார்க்க மட்டும்தான் அனுமதி வாங்கியிருந்தாள். 'உள்ளே சுவர் வைக்க யாரைக் கேக்கணும்' என்று மேஸ்திரி அடித்துச் சொன்னதை நம்பிவிட்டாள். மேனேஜர் புகார் எழுதினார்: ஒரு வீட்டை நாலாக்கிவிட்டார்கள், கண்ட நேரத்தில் ஆட்கள் வருகிறார்கள் போகிறார்கள், சத்தம், தெருவே சந்தையாகிவிடும்.

நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அனுமதி மறுத்தால் மூன்று சமையல் மூலைகளையும் இடிக்க வேண்டும். மூன்று பேரும் பழையபடி கடைசி பஸ் திரும்பும் இடத்துக்குப் போக வேண்டும்.

அக்கா அன்று என்னைக் கூட இருக்கச் சொன்னாள். "நீ படிச்சவ. ஏதாச்சும் புரியாத மாதிரி பேசினாங்கன்னா எனக்குச் சொல்லு." பிறகு சொன்னாள்: "குட்டி இருக்காளே, அவ ஸ்கூட்டி வாங்கணும்னு சொல்லிட்டிருந்தா, இங்க வர்றதுக்கு முன்னாடி. டூட்டி முடிச்சு அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போகணும். எனக்கு அது ஒண்ணுதான்டி. மத்ததெல்லாம் இடிச்சாலும் கட்டிக்கலாம்."

ஆய்வாளர் நண்பகலில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு டேப், தோளில் சாப்பாட்டுப் பை. பின்னாலேயே மேனேஜரும் வந்தார், புகார் கொடுத்தவர் என்ற உரிமையில். அக்கா வாசலில் நின்று உதட்டில் விரல் வைத்தாள். ஆய்வாளர் அனிச்சையாக ஷூவைக் கழற்றினார். மேனேஜரும் கழற்றினார். வெயிலிலிருந்து அந்தப் பச்சைக்குள் நுழைந்ததும் இருவருமே ஒரு கணம் நின்றுவிட்டார்கள். குளத்தில் கால் வைத்தவர்கள் ஆழம் பார்ப்பதுபோல.

"சத்தம் வருதுன்னு புகாரும்மா" என்றார் ஆய்வாளர், மெல்லிய குரலில்.

"எல்லாரும் தூங்குறாங்க சார்" என்றாள் அக்கா, அதைவிட மெல்லிய குரலில்.

"இந்நேரத்துல தூங்குறாங்கன்னா என்ன மாதிரி ஆளுங்கன்னு பாருங்க" என்றார் மேனேஜர். அதுவும் ரகசியமாகத்தான் வந்தது.

"நீங்க எதுக்கு சார் மெதுவாப் பேசறீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார். காலுறையோடு மேனேஜர் படியேறிய விதம், கோவிலா மருத்துவமனையா என்று தெரியாத ஓர் இடத்தில் நடப்பதுபோல இருந்தது.

முதலில் மாடி. ஆய்வாளர் படியின் அகலத்தை அளந்தார், கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். இரண்டு கதவுகளுக்குப் பின்னாலிருந்தும் மூச்சுச் சத்தம் வந்தது. ஹாரனுடையது கனமானது, ஏறுவதற்கு யோசித்து, இறங்கும்போது விசிலடிக்கும். குட்டியுடையது கேட்டும் கேட்காதது. "மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் அச்சு அசல் ஒண்ணுதான் சார். எழுப்ப வேணாமே. கீழ என் வீட்டைப் பாருங்க" என்று அக்கா கெஞ்சினாள். அவரும் தலையாட்டிவிட்டு இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். மேனேஜர் மூச்சு வாங்க மாடி நடையிலேயே நின்றுகொண்டார்.

அக்காவின் வீட்டை ஆய்வாளர் அளந்தார். காற்றுப்போக்கு, தண்ணீர்ப்போக்கு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் உள்ள தூரம். பிறகு, குடியிருப்பவர் வீடு ஒன்றையாவது பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றார். பேக்கரி அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்: "தாழ்ப்பாள் போடல அக்கா. வந்து பார்த்துக்கட்டும். என்னை மட்டும் எழுப்பிக் கேள்வி கேக்க வேணாம், கனவுல பதில் சொல்லிடுவேன்."

கதவை மெல்லத் தள்ளினோம். அண்ணன் மல்லாந்து, இரண்டு கைகளும் மாவைப் பிடித்த வாக்கிலேயே மார்மேல் குவிந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். புருவத்து மாவு பச்சை வெளிச்சத்தில் பாசி மாதிரி தெரிந்தது. அறையில் வெந்த ரொட்டியின் மணம். ஆய்வாளர் டேப்பை விரிக்கவில்லை. அது இழுக்கும்போது கிரீச்சென்று சத்தம் போடும். அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஓர் ஆள் தண்ணீர் குடிப்பதைத் தாகத்தோடு இருக்கும் இன்னொருவர் பார்ப்பாரே, அப்படி இருந்தது.

வெளியே வந்ததும், "நானும் தூரத்துலேர்ந்துதான் வர்றேன்" என்றார். "பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கப் பழகிட்டேன்." உடனே குரலை மாற்றிக்கொண்டு, "அதுக்காக ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. விதி விதிதான். எழுதித்தான் வைப்பேன்" என்றார். அக்கா தலையசைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. புடவை முனையை மட்டும் மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கியிருந்தாள்.

மேனேஜர் இறங்கி வந்தார். இருவரும் ஷூவை மாட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அக்காவின் கட்டிலில் சாய்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். திரைச்சீலை அசைந்துகொண்டே இருந்தது. நான் தூங்கியிருக்க வேண்டும். விழித்தபோது அக்கா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஹாரனை எழுப்பிட்டியா?"

"அவரே எழுந்துட்டாரு போல. பாதிப் படியிலேர்ந்தே தெரிஞ்சுது, செருப்பு படியைப் பார்த்திருக்கு."

வெகுநேரம் கழித்து வாசலில் நிழல் விழுந்தது. ஆய்வாளர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இந்தப் பக்கம் மிச்ச வேலையை முடிச்சிட்டு வந்தா, தெரு முக்குல பஸ்ஸே வரலைம்மா. ஒரே கூட்டம். ஏதாவது ஆட்டோ கிடைக்குமா?" அவர் கேட்டு முடிக்கவில்லை, அக்காவின் போன் அதிர்ந்தது. டெப்போவிலிருந்து. "அக்கா, உங்க வீட்டு டிரைவர் எங்க? வண்டி நின்ன இடத்துலயே நிக்குது."

அக்கா படிகளை எப்படி ஏறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. விரல் நுனித் தட்டல் இல்லை, உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளே விசிலடித்துக்கொண்டிருந்த மூச்சு அறுந்தது. ஹாரன் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தைப் பார்த்து, "ஐயோ அக்கா!" என்று போட்ட குரலில் அந்த வீடு கட்டிய நாளிலிருந்து சேர்த்துவைத்த நிசப்தம் மொத்தமும் உடைந்தது. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். குட்டி தலைமுடி கலைந்து வந்து நின்றாள். பேக்கரி அண்ணன் கீழ்நடைக்கு வந்து, "தீப்பிடிச்சிடுச்சா?" என்றார்.

அக்கா மாடி நடையில் நின்றுகொண்டிருந்தாள். ஹாரனின் செருப்பும் குட்டியின் செருப்பும் சுவரோரமாக, நூல் பிடித்தாற்போல, படியைப் பார்த்து நின்றன.

"ஒண்ணு மேல ஒண்ணுதான் போட்டிருந்தாரு" என்றாள். யாரைப் பார்த்தும் அல்ல. "நான் பார்த்தேன். காலையில பார்த்தேன்."

ஆய்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் செருப்புக் கணக்கைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் மேனேஜர் வந்து நின்றார். கூச்சல் கேட்டு வந்திருப்பார். புகாருக்கு ஆதாரம் கிடைத்தது என்றுகூட நினைத்திருக்கலாம். நான் சொன்னதில் பாதியைக் கேட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அது..." என்றார். "மேல நிக்கும்போது... தாறுமாறா கிடந்துதேன்னு... நான்தான் எடுத்து வரிசையா வச்சேன்."

அக்கா மாடி நடையிலிருந்து அவரைப் பார்த்தாள்.

"ஒரு வீட்ல ஒரு கடிகாரம்கூட அடிக்காதா?" என்றார் கோபமாக. தன் மேல்தான் கோபம் என்று தெரிந்தது.

"அடிச்சா சத்தம்னு இன்னொரு புகார் குடுத்திருப்பீங்களே சார்" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது குட்டி. பாதித் தூக்கத்தில் வந்த சிரிப்பு, நிற்கவில்லை. பிறகு பேக்கரி அண்ணன். ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார். மேனேஜர் மட்டும் படியில் உட்கார்ந்து, தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மேனேஜரின் மனைவி குடையோடு நிறுத்தத்தில் காத்திருந்தவர்களில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. கண் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டியவர். தெருவே அந்த ஒரு டிரைவர் எழுவதற்காகக் காத்திருந்திருக்கிறது.

மறுநாள் மேனேஜர் டெப்போவுக்கு நேரில் போய், தவறு தன்னுடையது என்று சொல்லி, ஹாரனுக்கு வந்த மெமோவை ரத்து செய்ய வைத்தார். ஆனால் புகாரைத் திரும்பப் பெறவில்லை. நகராட்சி நடத்திய விசாரணையில் எழுந்து நின்று, "சத்தம்னு நான் எழுதினது தப்பு. அதை அடிச்சிடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. "மடிப்பு கலையாத மனுஷன்" என்றாள்.

உத்தரவு வந்தது. நாலு வீடுகள் இருக்கலாம், ஐந்தாகக் கூடாது. தெருவுக்கு ஒரே வாசல்தான். வீட்டுக்கு உரியவர் அதில் ஒன்றில் குடியிருக்க வேண்டும்; அப்படி இல்லாமல் போனால் அனுமதி தீர்ந்துவிடும், மீண்டும் ஒரே வீடாக்க வேண்டும். கடைசி நிபந்தனையை நான் இரண்டு முறை படித்துக்காட்டினேன்.

"அதுக்கென்ன, நான் எங்க போகப் போறேன்?" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல தூக்கத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பேக்கரி அண்ணனுக்குப் புருவம் நரைத்தது, யாருக்கும் தெரியவில்லை. ஹாரன் ரகசியம் பேசக் கற்றுக்கொண்டார். அவர் ரகசியம் அடுத்த தெருவோடு நின்றுவிடும். குட்டி ஸ்கூட்டி வாங்கவே இல்லை. டூட்டி முடிந்து நடந்தே வருவாள், தெருவைப் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டு. கனவுக்கும் கதவுக்கும் நடுவில் நடக்கிற மாதிரி இருக்கும் என்பாள்.

ஒரு பகலில் அக்கா வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். செருப்பைக் கதவைப் பார்த்து விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி அண்ணன் ஏதோ வித்தியாசமாக உணர்ந்து விழித்திருக்கிறார். என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "சத்தம் கேட்டு முழிச்சதில்லம்மா. சத்தம் இல்லாம போனதுல முழிச்சேன்" என்றார். ஸ்டிரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள் கை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். அதை மடித்தவள் அவளாகவே இருந்திருக்கலாம்.

எல்லாம் முடிந்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது மூன்று பேரும் நடையில் நின்றிருந்தார்கள். நிபந்தனை அவர்களுக்கும் தெரியும். மேலே குட்டியின் கதவோரம் ஒரு பை பாதி கட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் பார்த்ததும் அவள் ஏறிப் போய் அதைக் காலால் உள்ளே தள்ளினாள்.

மேனேஜர் தெருவைக் கடந்து வந்தார். ரொம்பத் தளர்ந்திருந்தார். நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"அந்த உத்தரவுல கடைசியா ஒரு வரி இருக்கும்மா."

"தெரியும் சார்."

"வீடு இப்ப உங்க பேர்லதானே?"

"ஆமா சார்."

"அப்ப எப்ப குடிவர்றீங்க?" குரல் கறாராகத்தான் இருந்தது, பாக்கி கேட்கிற மாதிரி. "சீக்கிரம் வந்துட்டா நல்லது. வீட்ல இவளுக்கு மாடியில இருக்கற அந்தப் பொண்ணுதான் கண்ணுக்கு மருந்து விடுது. அது கை நடுங்காது. எனக்கு நடுங்குது."

கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. ஊரின் அந்தக் கோடியில், என் புத்தகங்களோடு, விசாலமான ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். மொட்டைமாடியும் வேப்பமரமும் உண்டு. அதை விட்டு வருவது அவ்வளவு சுலபமா என்று யாராவது கேட்டால், சுலபமில்லை. ஆனால் அன்று பச்சை வெளிச்சத்தில் நின்றபோது, ஒரு பெண் எனக்கு எதிரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி காத்திருப்பதாகத் தோன்றியது. நான் நடந்தால்தான் அது மடியும்.

"இந்த வாரமே" என்றேன். மேனேஜர் தலையசைத்துவிட்டுப் போனார். பின்னால் மாடியில் ஒரு பை அவிழ்க்கப்படும் சத்தம் கேட்டது.

இப்போது அக்காவின் கதவு என் கதவு. அதற்கு வெளியே அவள் செருப்பு அவள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது, கதவைப் பார்த்து. யாரும் அதைத் தொடவில்லை. எடுத்து வைக்கட்டுமா என்று யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கதவைக் கடக்கும்போது ஹாரன்கூட முன்னங்காலால் நடக்கிறார். அவரை எழுப்புவது இப்போது என் வேலை. விரல் நுனியால் தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் ரொம்ப மெதுவாகத் தட்டி, அவர் எழாமல், "அக்கா தட்டினா கனவுக்குள்ளயே கேக்கும். நீங்க தட்டினா கதவுக்கே கேக்கல" என்று திட்டு வாங்கினேன்.

விடுமுறை நாட்களில் நானும் பகலில் படுக்கிறேன். என் செருப்பை அவள் செருப்புக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்து விடுகிறேன். உள்ளே போய்த் தலையைச் சுவரோரம் வைத்துக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு ஏறி இறங்குகிறது. திரைச்சீலை உப்பி, மெல்ல இறங்குகிறது. படியில் குட்டி வரும் காலடி, என் கதவருகே வந்ததும், இரண்டு ஜோடிச் செருப்பையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஆகிறது.